நடுவில் போட்டிருந்த நாற்காலி

உங்கள் சமரச மையத்தின் சுவரிலும் அந்த போர்டு இருக்கும். சமூகத்தில் அமைதி வேண்டுமானால் அதை முதலில் உங்கள் மனசுக்குள் கொண்டுவாருங்கள் என்று, பக்கத்தில் ஒரு புறாவோடு. எங்கள் கல்கத்தா மையத்தில் அதை வங்காளியிலும் இங்கிலீஷிலும் எழுதித் தண்ணீர் ஃபில்டருக்கு மேலே மாட்டியிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் அதன் கீழே நின்று தண்ணீர் குடித்திருக்கிறேன். ஒருநாளும் மதித்ததில்லை. மனசுக்குள் அமைதியாக இருப்பவன் கோர்ட் பக்கமே வரமாட்டான், வருகிறவனுக்கு இந்தப் புறாவால் என்ன பிரயோஜனம் என்று கிண்டல் பண்ணுவேன். கட்சிக்காரர்களுக்காக மாட்டிய போர்டு என்றே நினைத்திருந்தேன். சமரசருக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றவே இல்லை.

தமிழ்நாட்டில் புதிதாகச் சமரசர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என்னுடையது வீட்டுத் தமிழ். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர். மார்க்கெட்டில் வங்காளி, ஆபீஸில் இங்கிலீஷ், கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு போன கதைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் "சமரசம் ஏற்படவில்லை" என்று என் கையால் எழுதி மூடிய ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். என்னோடு வேலை பார்த்த வங்காளி நண்பர் ஒருவர். என் பெயரைப் போடாதீர்கள் தீதி என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. தீதி என்றால் அக்கா. என்னைவிடச் சின்னவர். ஒவ்வொரு அமர்வுக்கு முன்னாலும் அறைக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் நிற்பார். பியூன்கள் சிரிப்பார்கள். நானும்தான். ஒருநாள், "சுவரில் என்ன சினிமா ஓடுகிறது?" என்று கேட்டேன்.

"உள்ளே போகப்போவது யார் என்று பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

"யார் போவார்கள்? நீங்கள்தான்."

"எல்லா நாளும் இல்லை, தீதி" என்றார்.

அன்று அதை ஒரு நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

இனி அந்தக் கோப்பு. பவானிபூரில் ஒரு பழைய வீடு. மாடியில் அண்ணன், தங்கை. சந்தானம் ரயில்வே ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர், வத்சலா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ரகு பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் வீட்டில் நடந்த சண்டைக்கு நடுவில் எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. அவன் போனதற்கு நீதான் காரணம் என்று அண்ணன் தங்கையைச் சொன்னார், தங்கை அண்ணனைச் சொன்னாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கோப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது.

வீடோ இடிந்துகொண்டிருந்தது. அபாயகரமான கட்டடம் என்று கார்ப்பரேஷன் வாசலில் போர்டு மாட்டிவிட்டது. போன மழையில் பால்கனியின் பாதி விழுந்தது. வழக்கமாக அங்கே உட்காரும் மீன்காரன் அன்றைக்கு வராததால் பிழைத்தான். மூன்று பேர் பெயரிலும் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு வெளியே போகலாம் என்றால் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். ஏழு வருஷத்துக்குமேல் தகவலே இல்லாதவனை இறந்தவனாகக் கருதலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்படி அறிவிக்கச் சொல்லி சந்தானம் வழக்குப் போட்டார். வத்சலா எதிர்த்தாள். என் தம்பி இறந்தான் என்று எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பதுதான் அவளுடைய ஒரே பதில். வழக்கு முடிவதற்குள் கூரை முடிந்துவிடும் என்று கோர்ட் அதைச் சமரசத்துக்கு அனுப்பியது. மூன்று சமரசர்கள் கைவிட்ட பிறகு கோப்பு என்னிடம் வந்தது.

இருவரும் மையத்துக்குச் சேர்ந்து வரமாட்டார்கள். அவர் வந்தால் அவள் வீட்டில், அவள் வந்தால் அவர் வீட்டில். ரகு வந்தால் கதவைத் திறக்க ஆள் இருக்க வேண்டுமாம். தம்பி இறந்துவிட்டான் என்று வழக்குப் போட்டவர் அவன் வருவான் என்று எதற்காக வீட்டைக் காக்கிறார்? இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி, நானே வீட்டுக்கு வருகிறேன் என்றேன். கட்சிக்காரர் வீட்டுக்குப் போகக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

மழைக்கால வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. வாசலுக்கு ஒரு பக்கம் தையல்கடை, மறுபக்கம் ஹோமியோபதி டாக்டர். தையல்காரர் சந்தானத்தின் கட்சி, டாக்டர் வத்சலாவின் கட்சி. அதனால் அவர்களுக்குள்ளும் பேச்சில்லை. தெருவே அப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது. பாரா கிளப்காரர்கள், அதாவது அந்தத் தெருப் பையன்களின் சங்கம், துர்கா பூஜைக்கு அந்த வீட்டுக்கு இரண்டு அழைப்பிதழ் கொடுப்பார்கள், இரண்டு வேறு பையன்கள் கையால். இரண்டு கிழங்கள் முகம் திருப்பிக்கொண்டதற்கு ஒரு தெருவே கழுத்து வலியோடு திரிந்தது. எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

படியேறும்போது மேலே பேச்சுக் குரல் கேட்டது. ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல், நடுநடுவே தாழ்வாக இன்னொன்று. வார்த்தை புரியவில்லை, ஆனால் மூன்று பேர் என்பது தெளிவாகத் தெரிந்தது. நான் தட்டுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. இருவரும் சேர்ந்து நின்றார்கள். இருவரும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், படிக்கட்டைப் பார்த்தார்கள்.

"வாங்கோ" என்றாள் வத்சலா.

வட்ட மேஜை, மூன்று பிரம்பு நாற்காலிகள், ஆவி பறக்க மூன்று கோப்பை டீ. நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டே, எந்த அறைக்குப் போனாலும் இரண்டு தரப்புக்கும் சம தூரத்தில் உட்காருவது. எனக்கு அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது, சினிமா தியேட்டரில்கூட நடு சீட்டுதான் கேட்பேன். அவர்கள் இரண்டு பக்கம் உட்கார்ந்ததும் நான் யோசிக்காமல் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியின் சூடு. வெளியே வெயில் இல்லை, மூன்று நாளாக மழை.

நாம் எல்லாரும் ஒப்பிக்கும் முன்னுரையை நான் தொடங்கினேன். பாதியில் சந்தானம் என்னை நேராகப் பார்த்து, சாதாரணமாக, "ரகு, உங்க அக்காகிட்ட சொல்லு. கார்ப்பரேஷன்காரன் மறுபடி நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்கான்" என்றார்.

வத்சலாவும் என்னைத்தான் பார்த்தாள். "ரகு, அண்ணாகிட்ட சொல்லு, எனக்கும் படிக்கத் தெரியும்னு."

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. பத்தொன்பது வருஷமாக இவர்கள் பேசாமல் இருக்கவில்லை. தினமும் நாலு மணிக்கு, அந்தக் காலி நாற்காலி வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அதில் போய் உட்கார்ந்ததில் அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணில் பைத்தியம் இல்லை, குரலில் நடுக்கம் இல்லை.

"ஐயா, நான் ரகு இல்லை" என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று உங்களிடம் மறைக்கமாட்டேன். மூன்று பேரால் முடியாத கோப்பு என் முன்னால் பேசுகிறது. கூரை விழுவதற்குள் இவர்களைக் காப்பாற்றிவிடலாம். இவர் சொன்னதை அவளுக்குச் சொல்வது, அவள் சொன்னதை இவருக்குச் சொல்வது, நம் வேலையே அதுதானே, எந்தப் பெயரில் செய்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் தலைக்கு ஏறிவிட்டது.

கிளம்பும்போது வாசலில், "உள்ளே வேற யாராவது இருக்காளா?" என்று கேட்டேன்.

"நாங்க மூணு பேர்தான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அடுத்த வியாழன் நானாகவே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பேச்சு நன்றாக நடந்தது. பழைய சண்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைமாற்றினேன். நடுவில் வத்சலா சிரித்தபடி, "ரகு, தாளம் போடாதே" என்றாள். குனிந்து பார்த்தேன். என் மோதிர விரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை இருந்தது. வருஷக்கணக்காகச் சர்க்கரை தொடாதவள் நான், கடைசிச் சொட்டுவரை குடித்திருந்தேன்.

அப்போது சந்தானம் கேட்டார். "நீ போன அன்னிக்குக் கையில என்னடா எடுத்துண்டு போனே? இத்தனை வருஷமா யோசிக்கறேன்."

"ஒண்ணும் எடுத்துக்கலை. மழையில அப்படியே இறங்கிட்டேன். குடையை ஆணியிலேயே விட்டுட்டேன்" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது. வத்சலா கோப்பையைத் தட்டில் வைத்தாள். சந்தானம் எழுந்து போய், திறந்து வைத்திருந்த கதவை மெல்லச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கறுப்புக் குடை, துணி நைந்து, சிலந்தி கட்டி. இரண்டு தடவை வந்தும் உள்ளே இருந்தபடி அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

எப்படி அங்கிருந்து எழுந்து வந்தேன் என்று ஞாபகம் இல்லை. அந்த வாரம் முழுவதும் ஜாதவ்பூரில் எங்கள் வீட்டில் நான் எதையோ செய்துகொண்டிருந்தேன், என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஏன் இப்போல்லாம் ஒரு காலை மடிச்சுப் போட்டுண்டு உட்கார்றே?" என்று கேட்டார். இன்னொரு நாள், "யாரோட பேசிண்டிருக்கே?" என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்ததாக எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. ஆனால் போவதை நிறுத்தவும் தோன்றவில்லை. அடுத்த வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் என் நண்பரைப் பிடித்து, விவரம் சொல்லாமல் பொதுவாகச் சொன்னேன். கட்சிக்காரர்கள் என்னை வேறொருவராக நினைத்துப் பேசுகிறார்கள், பேச்சு நன்றாகப் போகிறது, இன்னும் ஒரு அமர்வில் முடிந்துவிடும் என்றேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்கள் அந்த ஆளாக உட்கார்ந்துவிட்டால், தீதி, நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

"தத்துவம் பேசாதீர்கள். அங்கே கூரை விழப்போகிறது" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் அந்தப் புறா போர்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வியாழன். காற்றும் மழையும் பலமாக இருந்தன. மேஜையில் டீயோடு ஒரு காகிதமும் இருந்தது. ரகுநாதன் இறந்துவிட்டதாகக் கருத எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கூட்டு மனு. பக்கத்தில் இரண்டு பேனா. அதை டைப் செய்து கொண்டுவந்தவள் நான்தான்.

நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் கூரையின் ஒரு பெரிய துண்டு விழுந்தது. வீடே ஒரு முறை உலுக்கியது, சுண்ணாம்புப் புகை மேஜைவரை வந்து எங்கள் கோப்பைகளில் படிந்தது. நான் துள்ளி எழப் பார்த்தேன். அவர்கள் இருவரும் அசையவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரகு" என்றார் சந்தானம். "நேரம் இல்லைடா. ஒரே கேள்வி. நீ இருக்கியா, இல்லையா? நீயே சொல்லிடு. நீ சொல்றபடி நாங்க கையெழுத்துப் போடறோம்."

வத்சலா பேனாவைக் கையில் எடுத்தாள். "ஆமாம்டா. நீ சொன்னா நான் ஏத்துக்கறேன்."

ஒரே வார்த்தை. "இல்லை" என்று சொன்னால் போதும். அவள் கையெழுத்துப் போடுவாள், இருவரும் இந்த இடிபாட்டிலிருந்து உயிரோடு வெளியே போவார்கள், மூன்று பேர் கைவிட்ட கோப்பு என் பெயரில் முடியும். தலைக்கு மேலே உத்தரம் முனகுகிறது. இதைவிட நல்ல பொய் உலகத்தில் உண்டா என்று அன்றைக்கு நானும் கேட்டிருப்பேன். இல்லை என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"இருக்கேன்" என்றேன்.

நான் நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. "இருக்கேன். ஜாதவ்பூர்ல இருக்கேன். ரெண்டு ஆட்டோ மாறினா வந்துடலாம். பதினோரு வருஷமா வரலை" என்று என் குரல் சொல்லிக்கொண்டே போனது.

வத்சலாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஜாதவ்பூர்லயா? இங்கேயா இருக்கே?" என்று பாதி எழுந்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் காத்திருந்தவளின் முகம். அந்த வெளிச்சத்தை அணைக்க வேண்டியவள் நான். இதைவிடக் கேவலமாக என் தொழிலில் நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

ஆனால் அந்தப் பதினோரு வருஷம் என்ற வார்த்தை எனக்கே உறைத்தது. ரகு போய்ப் பத்தொன்பது. பதினோரு வருஷம் என்னுடையது.

நான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தேன். "நான் ரகு இல்லை. முதல் நாளே சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சுடுங்கோ. நான் சொன்னது என் கதை" என்றேன்.

சமரசர் தன் சொந்தக் கதையைச் சொல்லக்கூடாது. அதுவும் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் நின்றபடியே சொன்னேன். பெஹாலாவில் என் அண்ணா இருக்கிறார். அவர் பெண் தனக்குப் பிடித்த பையனைச் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. யாரும் கேட்காமலே நான் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தரப்பையும் விசாரிக்க ஆரம்பித்தேன். அண்ணா எல்லார் எதிரிலும், "இது வீடு. உன் மையம் இல்லை" என்றார். நான் எழுந்து வாசலில் இறங்கினேன். நல்ல மழை. குடையை அவர் வீட்டு ஆணியிலேயே விட்டுவிட்டேன். போன வாரம் என் வாய் சொன்னது எந்தக் குடை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சந்தானம் முதன்முறையாக என்னை நானாகவே பார்த்தார். "அந்த ஒரு வார்த்தைக்காகவா பதினோரு வருஷம்?"

"அன்னிக்கு அந்த வார்த்தைக்காக. அப்புறம் நான் வராதது அவருக்கு உறைக்கணும்னு. அதுக்கப்புறம் வெக்கம். இத்தனை நாள் கழிச்சு எந்த முகத்தோட போறதுன்னு. அண்ணா என்னைத் துரத்தலை. அவர்தான் துரத்தினார்னு சொல்லிண்டா எனக்குச் சௌகரியமா இருந்தது, அவ்வளவுதான்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "உங்க தம்பி ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாது. இருக்கானா இல்லையான்னும் தெரியாது. ஆனா போன ஒருத்தியா சொல்றேன். போறதுக்கு வேணா இருக்கிறவா காரணமா இருக்கலாம். திரும்பி வராம இருக்கிறது போனவா பண்ற காரியம். அதை நீங்க ரெண்டு பேரும் பத்தொன்பது வருஷமா ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டிண்டிருக்கேள்."

வத்சலா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சந்தானம் அவள் பக்கம் திரும்பினார். கழுத்தைத் திருப்புவதே அவருக்குக் கஷ்டமாக இருந்த மாதிரி தெரிந்தது.

"வத்சலா, உன் டீ ஆறிடுத்து" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "உன்னுதும்தான், அண்ணா."

இரண்டு கோப்பையிலும் சுண்ணாம்பு மிதந்தது. மூன்றாவது கோப்பை காலியாக இருந்தது. அன்று நான் அதைத் தொடவில்லை.

அந்த மனுவில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. மையத்துக்கு வந்து நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, சமரசம் ஏற்படவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினேன். எனக்கு இனி குடும்ப வழக்கு வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து வத்சலாவிடமிருந்து ஃபோன். பக்கத்துச் சந்தில் தரைத் தளத்தில் வாடகைக்கு வீடு எடுத்துவிட்டார்களாம். தம்பியைச் சாகடிக்காமலே வீட்டை விட்டு வெளியேறலாம் என்பது பத்தொன்பது வருஷமாக இருவருக்கும் தோன்றவில்லை. அவன் வந்தால் திறக்க ஆள் வேண்டும் என்ற எண்ணத்தில் இருவரும் ஒரே காவல் காத்திருக்கிறார்கள், எதிரெதிர்க் கட்சியாக. சந்தானம் வழக்கையும் வாபஸ் வாங்கினார். அபாயகரமான கட்டடம் என்ற போர்டுக்குப் பக்கத்தில் தகரத்தில் புது விலாசத்தைத் தமிழிலும் வங்காளியிலும் எழுதி மாட்டினார்கள். யாராவது வந்து விழித்துக்கொண்டு நின்றால் எந்த நேரமானாலும் நாங்கள் கூட்டிவருகிறோம் என்று தையல்காரரும் டாக்டரும் சேர்ந்து வாக்குக் கொடுத்தார்களாம். கட்டடம் காலியானதும் அந்த இருவரும் எதிர்ச்சாரியில் ஒரே கடையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் பூஜைக்குக் கிளப் பையன்கள் ஒரே அழைப்பிதழோடு வந்தார்கள். நான் அந்தத் தெருவில் எந்தச் சமாதானப் பேச்சும் நடத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் தங்களுக்குள்ளே எதையோ இறக்கி வைத்தார்கள், தெரு தானாகவே நிமிர்ந்தது.

அடுத்த மழையில் அந்த வீடு விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு விழுந்தது என்று தையல்காரர் சொன்னார்.

இவ்வளவு வீரமாகப் பேசியவள் மறுநாளே பெஹாலாவுக்கு ஓடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். எட்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் புடவை மாற்றிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினேன். எட்டாவது நாள், என் நண்பரைப் போல எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து இரண்டு நிமிஷம் நின்றேன். போகப்போவது யார் என்று பார்த்துக்கொண்டேன். சமரசராகப் போகக்கூடாது, நியாயம் கேட்கப் போகக்கூடாது. தங்கையாகப் போகிறேன் என்று உறுதியானதும் இறங்கினேன்.

மன்னிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள், ஆனால் குரலைத் தாழ்த்தி, "ஒரு வருஷமா உங்க அண்ணாவுக்கு ஞாபகம் சரியா இல்லை. சொல்லி அனுப்பலாமான்னு ரொம்ப யோசிச்சேன்" என்றாள்.

அண்ணா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளுத்து, இளைத்து, சுத்தமாக ஷேவ் செய்துகொண்டு. எதிரே ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் என் குடை தொங்கியது. நான் நமஸ்காரம் செய்துவிட்டு அந்த நாற்காலிப் பக்கம் போனேன். அவர் பதறிக் கையை நீட்டித் தடுத்தார்.

"அதுல உட்காராதீங்கோ. அது என் தங்கையோடது. குடையை விட்டுட்டுப் போயிருக்கா. எடுத்துக்க வருவா."

நான்தான் அண்ணா என்று சொன்னேன். பெயரைச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். "அவளுக்கும் அதே பேர்தான்" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மன்னியைக் கூப்பிட்டு, "பாவம், யாரோ தெரியலை. டீ குடு" என்றார்.

அந்தப் புறா போர்டை நான் இப்போது கிண்டல் பண்ணுவதில்லை. ஆனால் அதில் ஒரு வார்த்தை குறைகிறது. சீக்கிரம் என்று சேர்த்து எழுதியிருக்க வேண்டும். நீங்கள் அடுத்தவர் வீட்டு மேஜைக்கு முன்னால் உட்காரும்போது உங்கள் வீட்டுச் சண்டையும் உங்களோடு வந்து உட்காருகிறது. உங்கள் விரலால் தாளம் போடுகிறது, உங்கள் வாயால் பதில் சொல்கிறது. அதை முடித்துவிட்டு வாருங்கள். முடிக்க முடியாவிட்டால் அது அங்கே இருக்கிறது என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் தெரிந்துகொள்ளாததற்கு ஒரு பெண்ணின் முகத்தில் விளக்கேற்றி அணைக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒவ்வொரு வியாழனும் நாலு மணிக்கு பெஹாலாவில் இருப்பேன். மோடா என்கிற குட்டைப் பிரம்பு ஆசனத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவேன். அண்ணா தங்கையைப் பற்றிச் சொல்வார். கோபக்காரி, ஆனால் நல்லவள் என்பார். நான் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டேன், அது அவளுக்குத் தெரியுமோ இல்லையோ என்பார். தெரியும், அவள் மனசில் ஒன்றும் இல்லை என்பேன். "நீங்க அவளைப் பார்த்தேளா?" என்று ஆவலாகக் கேட்பார்.

போன வியாழன் மழை. எனக்கு முழங்கால் வலி, மோடாவில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தேன். அண்ணா ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியின் முதுகிலிருந்து குடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ வர்ற வரைக்கும் நீங்க வேணா உட்காருங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன்.